தோளிலிருந்து வெட்டிய சிங்கம்

1944 டிசம்பர் இரண்டாவது வாரம். பெல்ஜிய எல்லையை ஒட்டி ஜெர்மனிக்குள் நீளும் ஷ்னீ ஐஃபல் என்ற காட்டு மேட்டில் அமெரிக்காவின் 106ஆவது காலாட்படை டிவிஷன் வந்து இறங்கியது. பெரும்பாலும் இளவட்டங்கள், போரைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அமைதியான பகுதி, இங்கே ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கையில்தான் அவர்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். டிசம்பர் 16 அதிகாலையில் ஜெர்மானியப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. 19ஆம் தேதி அந்த டிவிஷனின் மூன்று ரெஜிமெண்டுகளில் இரண்டு சரணடைந்தன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் கர்ட் வான்னகட். டிரெஸ்டன் நகரத்து இறைச்சிக்கூடம் ஒன்றில் கைதியாக இருந்து, 1945 பிப்ரவரியில் அந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்ததைப் பார்த்தவர். 1969இல் வெளிவந்த 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவலுக்குப் பின்னால் இருப்பது அந்த அனுபவம்தான்.

அந்த டிவிஷனின் தோள்சின்னம் ஒரு சிங்க முகம். நீல வட்டத்துக்குள் பொன்னிற நூலில் தைத்தது, சுற்றிலும் வெள்ளையும் சிவப்பும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இன்று அந்தச் சிங்கங்கள் உலகெங்கும் சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. பலவற்றில் நிறம் மங்கவில்லை, நூல் பிரியவில்லை. வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அசலா?" இருபதாம் நூற்றாண்டுப் போர்களின் சின்னங்களைச் சேகரிக்கும் மொத்த உலகமும் இந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றித்தான் இயங்குகிறது. ஒரு துண்டுத் துணிதானே, இதில் அசலென்ன நகலென்ன என்று தோன்றலாம். ஆனால் எது அசல் என்று தோண்டத் தோண்ட, கேள்வி துணியை விட்டு நகர்ந்து மனிதன்மீது வந்து நிற்கும்.

*

தோள்சின்னம் என்ற வழக்கம் அமெரிக்க ராணுவத்தில் ஏறக்குறைய ஒரு சண்டையில்தான் பிறந்தது. தென் கரோலினாவின் கேம்ப் ஜாக்ஸனில் பயிற்சி பெற்ற 81ஆவது டிவிஷன் அங்கே ஓடிய காட்டுப்பூனை ஓடையின் பெயரைத் தனக்கும் வைத்துக்கொண்டது. 1918இல் பிரான்சுக்குப் போனபோது வீரர்களின் தோளில் ஒரு கறுப்புக் காட்டுப்பூனை இருந்தது. மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. யார் இவர்களுக்கு அனுமதி கொடுத்தது என்று புகார் மேலே போனது. தளபதி பெர்ஷிங் அதைக் கழற்றச் சொல்லவில்லை. படையின் மனவுறுதிக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டார். 1918 அக்டோபரில் மற்ற டிவிஷன்களும் தத்தம் சின்னத்தை முடிவு செய்யும்படி உத்தரவு போனது.

அடுத்த சில மாதங்களில் பிரான்சில் கிடைத்த கம்பளித் துண்டு, பழைய சீருடைத் துணி, உள்ளூர்த் தையற்காரர் என்று கைக்கு எட்டியதை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். ஆகவே முதல் உலகப் போர்ச் சின்னங்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பார்த்து ஒப்பிடுவதற்கு முதல் பிரதி என்று ஒன்று இல்லாத பொருளில் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? சேகரிப்பாளர்களுக்கு இந்தத் தலைவலி முதல் நாளிலிருந்தே உண்டு.

ஏறத்தாழ 14,000 பேர் கொண்டது ஒரு காலாட்படை டிவிஷன். பக்கத்துக் குழியில் படுத்திருப்பவன் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் தோளைப் பார்த்தால் நம்ம ஆள் என்று தெரியும். அவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரு ஊர் மாதிரி உணரவைத்தது அந்தத் துண்டுத் துணி.

45ஆவது டிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமா, கொலராடோ, நியூ மெக்ஸிகோ, அரிசோனா மாநிலங்களின் ஆட்கள். தங்கள் பகுதியின் பூர்வகுடி மக்களை மதிக்கும் அடையாளமாக 1924 முதல் அவர்கள் தோளில் அணிந்திருந்தது என்ன தெரியுமா? சிவப்புப் பின்னணியில் மஞ்சள் ஸ்வஸ்திகா. ஹிட்லரின் கொடி உலகத்துக்கு அறிமுகமான பிறகு அதைத் தாங்க முடியாமல், 1939இல் மாற்றினார்கள். கயோவா இனத்து ஓவியர் வூடி பிக் போ வரைந்த இடிப்பறவை அந்த இடத்துக்கு வந்தது. 1945 ஏப்ரல் 29 அன்று டாஹாவ் வதைமுகாமுக்குள் நுழைந்த படைகளில் இந்த இடிப்பறவைக்காரர்களும் இருந்தார்கள். அங்கே குவிந்து கிடந்த பிணங்களைப் பார்த்த சிலர், சரணடைந்த எஸ்.எஸ். காவலர்களைச் சுட்டுக் கொன்றார்கள். விடுதலை, பழிவாங்கல் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தது அந்தச் சின்னம். ஆல்பத்தில் அதன் கீழே பெரும்பாலும் ஒரு வரிதான் எழுதியிருக்கும்: 45ஆவது டிவிஷன், அசல்.

*

சரி, அசல் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

முதலில் ஓரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சின்னங்களை எந்திரத்தில் பூத்தையல் போட்டு, பிறகு கத்தரித்து எடுப்பார்கள். ஓரம் தட்டையாக இருக்கும். இன்று நாம் பார்க்கும் தடித்த, கயிறுபோல் சுற்றித் தைத்த ஓரம் 1960களில்தான் பரவலானது. அடுத்து நூல். போர்க்காலத்து நூல் பருத்தி. பின்னாளில் பாலியஸ்டரும் நைலானும் வந்தன. மூன்றாவது, எல்லோருக்கும் பிடித்த சோதனை: அறையை இருட்டாக்கிவிட்டுப் புற ஊதா விளக்கை அடிப்பது. பல செயற்கை நூல்கள் அந்த ஒளியில் பளீரென்று ஒளிரும். பழைய பருத்தி நூல் மந்தமாகக் கிடக்கும். ஒளிர்ந்தால் போலி என்பது கடைவாசல் சூத்திரம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. போருக்குப் பிறகு வந்த சலவைத்தூள்களில் துணியை வெள்ளை வெளேரென்று காட்ட ஓர் ஒளிர்வூட்டி ரசாயனத்தைச் சேர்த்தார்கள். நம் வீடுகளில் சொட்டு நீலம் செய்த வேலையை அது இன்னும் தீவிரமாகச் செய்யும். அந்தத் தூளில் துவைத்த துணி, 1943ஆம் ஆண்டுச் சின்னமாகவே இருந்தாலும், விளக்கின் கீழ் ஒளிரும். யாரோ ஒரு வீட்டில் மனைவியோ தாயோ அந்தச் சட்டையை எடுத்துப் பலமுறை துவைத்து மடித்து வைத்திருந்தால், சோதனை அதைப் போலி என்று சொல்லிவிடும். யார் தோளிலும் ஏறாமல் கிடங்கில் கட்டுக்கட்டாகக் கிடந்த சின்னமோ சோதனையில் சுலபமாகத் தேறிவிடும்.

இங்கேதான் இந்தச் சேகரிப்பின் மையமான முரண்பாடு இருக்கிறது. நல்ல நிலையில் தப்பித்திருப்பவற்றில் ஏராளமானவை போரைப் பார்க்காதவை. போரைப் பார்த்தவை பெரும்பாலும் தப்பிக்கவில்லை.

முன்வரிசைக் காலாள் சிப்பாயின் துணிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாரக்கணக்கில் சேற்றில் கிடந்தவனைப் பின்னால் ஒரு குளியல் கூடாரத்துக்கு அனுப்புவார்கள். ஒரு பக்கம் அழுக்குச் சட்டையைப் போட்டுவிட்டு நுழைவான், மறுபக்கம் யாரோ துவைத்துப் போட்ட வேறொரு சட்டையோடு வெளியே வருவான். அது யாருடையது என்று அவனுக்கும் தெரியாது. காயம்பட்டவனின் சட்டையை மருத்துவ உதவியாளர் கத்தரிக்கோலால் கிழிப்பார். ஒரு டிவிஷனை ரகசியமாக வேறு இடத்துக்கு நகர்த்தும்போது, எதிரி கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தோள்சின்னங்களைக் கழற்றச் சொல்வார்கள், வண்டிகளின் எண்களையும் மறைப்பார்கள்.

அப்படியென்றால் நாம் பார்க்கும் அழகான ஜாக்கெட்டுகள்? இடுப்போடு நிற்கும் 'ஐக் ஜாக்கெட்'டில் தோள்சின்னம், பதக்க ரிப்பன் எல்லாம் வரிசையாகத் தைத்திருக்கும். வலது மார்பில் பெரும்பாலும் ஒரு சிறு கழுகு இருக்கும். ராணுவத்திலிருந்து கௌரவமாக விடுவிக்கப்பட்டவர் என்பதற்கான அடையாளம் அது. கழுகு சரியாக வரையப்படவில்லை என்று சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் 'குடலிறங்கிய வாத்து'. அந்த வாத்து இருந்தால் அது வீடு திரும்பும்போது போட்டுக்கொண்ட உடை. அம்மா பார்க்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும் என்று துவைத்து இஸ்திரி போட்ட உடை. அசல்தான், சந்தேகமில்லை. ஆனால் போரின் உடை அல்ல, போர் முடிந்த நிம்மதியின் உடை.

*

அசல் என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் குழப்புகிற இரண்டு விஷயங்கள் உண்டு.

1944இல் நார்மண்டிப் படையெடுப்புக்கு முன், தாக்குதல் கலே பகுதியில்தான் நடக்கும் என்று ஜெர்மனியை நம்பவைக்க நேசநாடுகள் ஒரு பொய்ப்படையை உருவாக்கின. அதன் தலைவர் என்று காட்டப்பட்டவர் ஜெனரல் பேட்டன். 14, 17, 59 என்றெல்லாம் எண்கள் கொண்ட டிவிஷன்கள் காகிதத்தில் எழுந்தன. நிஜம்போல் தெரிய வேண்டும் அல்லவா? அவற்றுக்கும் தோள்சின்னம் வரைந்து தைத்தார்கள். ஆளில்லாத டிவிஷன், ஆனால் சின்னம் நிஜம். ஓரம் சரி, நூல் சரி, புற ஊதாச் சோதனையில் தேறும். 'பேய் டிவிஷன்' என்ற பெயரில் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அந்தச் சின்னத்தோடு முன்வரிசைக்குப் போன சிப்பாய் என்று ஒருவர்கூடக் கிடையாது.

இதற்கு நேர்மாறாக, 1,100 பேர் கொண்ட ஒரு நிஜப் படை இருந்தது. ஓவியர்கள், வடிவமைப்பாளர்கள், ஒலிப் பொறியாளர்கள் நிறைந்த அந்தப் படையை இன்று 'கோஸ்ட் ஆர்மி' என்கிறார்கள். ரப்பர் டாங்குகளை ஊதி நிறுத்துவது, ஒலிபெருக்கியில் படை நகரும் சத்தத்தைப் பரப்புவது இவர்கள் வேலை. கூடவே வேறு டிவிஷன்களின் சின்னங்களைத் தங்கள் தோளில் தைத்துக்கொண்டு ஊர்களுக்குள் போய், ஒற்றர் காதில் விழும்படி பேசிவிட்டு வருவார்கள். 1945 மார்ச்சில் ரைன் நதியைக் கடக்கும் தாக்குதலின்போது 30ஆவது, 79ஆவது டிவிஷன்களாக நடித்தார்கள். இவர்கள் தோளிலிருந்த சின்னம் அசல், அணிந்தவர் நிஜச் சிப்பாய், அணிந்த இடம் போர்முனை. ஆனால் சின்னம் சொன்னது பொய். பல ஆண்டுகளுக்கு இந்தக் கதையே ரகசியமாக இருந்தது.

எதிர்ப்பக்கத்திலும் இதே புதிர் உண்டு. ஜெர்மன் காலாட்படையின் தாக்குதல் சின்னம் 1939 டிசம்பரில் அறிமுகமானது. ஓக் இலை வளையம், குறுக்கே கத்தி பொருத்திய துப்பாக்கி, மேலே ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகு. மூன்று வெவ்வேறு நாட்களில் முன்வரிசைத் தாக்குதலில் பங்கேற்றவருக்குக் கிடைக்கும். போர் முற்ற முற்ற நல்ல உலோகம் தீர்ந்து துத்தநாகத்தில் வார்த்தார்கள். மேலே பூசிய வெள்ளி நிறம் போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். போருக்குப் பின் நாஜி அடையாளத்தை அணிவது குற்றமானது. 1957இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்து, ஸ்வஸ்திகா நீக்கிய புது வடிவில் பழைய சிப்பாய்கள் தங்கள் சின்னங்களை அணிந்துகொள்ளலாம் என்றது. சேகரிப்பாளர் கணக்கில் இவை போர்க்கால அசல் அல்ல, அதனால் மதிப்பும் குறைவு. ஆனால் அணிந்தவர் அந்த மூன்று தாக்குதல்களிலும் ஓடியவராக இருக்கலாம். மூன்று நாள் தாக்கினார் என்று சின்னம் சொல்லும். எந்த ஊரில், அந்த ஊரின் மக்களுக்கு அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது அவருடைய சம்பளப் புத்தகமும் படைப்பிரிவின் பதிவேடும். பெரும்பாலான சின்னங்கள் இரண்டையும் பிரிந்துதான் சந்தைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கைதியின் மார்பிலிருந்தும் பிணத்தின் சட்டையிலிருந்தும் அவற்றைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்ட நேசநாட்டுச் சிப்பாய்கள்தான் இந்தச் சேகரிப்பின் முதல் தலைமுறை.

நம் பக்கத்திலும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. சீனா, பர்மா, இந்தியா போர்க்களத்துக்கென்று அமெரிக்கர்கள் ஒரு சின்னம் வைத்திருந்தார்கள். சீனத்துச் சூரியன், இந்திய நட்சத்திரம், கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள். அவற்றில் கணிசமானவை அமெரிக்காவில் செய்தவையே அல்ல. கல்கத்தா போன்ற நகரங்களின் தையற்கடைகளில் ஜரிகையிலும் தோலிலும் கம்பளியிலும் கையால் செய்தவை. 1944இல் பர்மாவின் மைத்கினா விமானத்தளத்தைப் பிடித்த அமெரிக்கக் காலாட்படையான 'மெரில்ஸ் மராடர்ஸ்' அணிந்த சின்னமும் மேலிடம் அங்கீகரிக்காத ஒன்றாகத்தான் தொடங்கியது. இன்று எந்திரத் தையலைவிட இந்தக் கைத்தையலுக்குத்தான் மவுசு அதிகம். விற்பனைப் பட்டியலில் 'இந்தியாவில் செய்தது' என்று இருக்கும். எந்தக் கை செய்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

*

இப்போது அந்தச் சட்டைக்குத் திரும்புவோம். உண்மையான இழப்பு அங்கேதான் இருக்கிறது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தோள்சின்னம் சேகரித்தவர்களில் பலர் செய்தது எளிமையான வேலை. பழைய துணிக்கடையில் ராணுவ ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கும். வாங்கி, கத்தரிக்கோலால் சின்னத்தை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வார்கள். மீதித் துணி குப்பைக்குப் போகும், அல்லது தோட்ட வேலைக்கு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு ஆல்பத்தில் நூறு சின்னங்கள் அடங்கும், நூறு ஜாக்கெட்டுக்கு வீட்டில் இடம் ஏது?

ஆனால் அந்த ஜாக்கெட்டின் உள்பக்கம், கழுத்துப்பட்டையிலோ கைத்துணியிலோ, மையால் ஒரு குறி இருந்திருக்கும். நம்மூரில் சலவைக்காரர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் மூலையில் குறி போடுவார்கள் இல்லையா, அதே மாதிரி. அமெரிக்கச் சிப்பாயின் குடும்பப்பெயரின் முதல் எழுத்தும் அவன் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் சேர்ந்ததுதான் அந்தச் சலவைக் குறி. 'எம் 4471' என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் பெருமை தராத குறி, எந்த ஆல்பத்திலும் ஒட்ட முடியாதது. ஆனால் தோள்சின்னம் 14,000 பேரைக் காட்டும், இந்தக் குறி ஒரே ஒருவனைத் தேடிப் போகும்.

எப்படியென்றால், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் போருக்காக ராணுவத்தில் சேர்ந்தவர்களின் சுமார் 90 லட்சம் பதிவுகள் இருக்கின்றன. பழைய பஞ்ச் கார்டுகளிலிருந்து மீட்டவை. எழுத்தையும் நான்கு இலக்கங்களையும் வைத்துத் தேடினால் பல பெயர்கள் வரும். அவர்களில் யார் என்று குறைத்துக்கொண்டே போக, ஜாக்கெட்டில் இருக்கும் டிவிஷன் சின்னம் உதவும். அந்த டிவிஷனின் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கலாம். குறி மட்டும் இருந்தால் ஆள் அகப்படுவது கடினம், சின்னம் மட்டும் இருந்தால் அகப்படவே மாட்டான். இரண்டும் ஒரே துணியில் இருக்கும்வரைதான் அது ஒரு மனிதனைப் பற்றிய சாட்சி. கத்தரிக்கோல் பிரித்தது அந்த இரண்டையும்தான்.

போகட்டும், அரசாங்கத்திடம் முழுக் கோப்பு இருக்குமே என்று கேட்கலாம். இருந்தது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ராணுவப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. நாள்கணக்கில் எரிந்தது. ஒரு கோடியே 60 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. எந்தக் காலாட்படைச் சிப்பாய்களின் தோள்சின்னத்தை உலகம் இன்று தேடித் தேடி வாங்குகிறதோ, அவர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கைக் கோப்பு இல்லை. கடிதம், குடும்பப் புகைப்படம், விடுவிப்புச் சான்றிதழ், அலமாரியில் தொங்கும் ஒரு பழைய ஜாக்கெட், இப்படிச் சிதறிக் கிடப்பவைதான் மிச்சம். அந்த ஜாக்கெட்டை வெட்டுவது, எரியாமல் தப்பிய ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

இப்போதைய நல்ல சேகரிப்பாளர்கள் மாறியிருக்கிறார்கள். வெட்டாத ஜாக்கெட்டுக்கு மதிப்பு ஏறியிருக்கிறது. சின்னம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதை எழுதி வைக்கிறார்கள். ஒரு முதியவரின் மகளிடமிருந்து வாங்கினால், அவர் சொன்ன பெயர், ஊர், படைப்பிரிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பொருளோடு சேர்த்தே வைக்கிறார்கள். சந்தைக் காரணமும் இருக்கிறது, கதையுள்ள பொருள் கூடுதல் விலைக்குப் போகும். கதையையும் போலியாகச் செய்பவர்கள் வராமலா இருப்பார்கள்? ஆனாலும் வாங்க வருபவர் நூலைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, யாருடையது என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் இந்தப் பொழுதுபோக்கில் நடந்த உருப்படியான மாற்றம் அதுதான்.

106ஆவது டிவிஷனின் சிங்கங்கள் ஆல்பங்களில் பத்திரமாக இருக்கும். பருத்தி நூல், தட்டையான ஓரம், விளக்கடித்தால் ஒளிராத அசல்கள். அவற்றில் சில, ஷ்னீ ஐஃபல் பனியில் கை தூக்கி நின்று, முகாமில் பட்டினி கிடந்து, உயிரோடு ஊர் திரும்பிய ஒருவர் கடைசியாகத் தைத்துக்கொண்ட ஜாக்கெட்டிலிருந்து வெட்டியவையாக இருக்கலாம். சில, பெட்டியைவிட்டே வெளியே வராதவையாக இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது. வித்தியாசம் சொல்லக்கூடியதாக இருந்தது சட்டையின் உள்பக்கத்து எழுத்தும் நான்கு இலக்கங்களும் மட்டுமே.